மேஜருக்கு மாடியில் இன்னொரு பெயர்

என் ஓரகத்திக்குக் குரல்தான் பிழைப்பு. எனக்கு ஊசி.

அவள் என் கொழுந்தனாரின் மனைவி. மாடி வீட்டில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஒரு வாஷிங் மெஷின் கம்பெனிக்காக நாள் முழுக்கப் பேசுவாள். மெஷின் ஓடவில்லை என்று கொதித்துப் போய்க் கூப்பிடுகிறவர்கூட, கடைசியில் அவளுக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் போனை வைப்பார். மெஷின் அப்போதும் ஓடாது. அப்படி ஒரு குரல்.

நான் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிறவள். நரம்பு கிடைக்காதவர்களை எல்லாம் என்னிடம்தான் அனுப்புவார்கள். ஒரே குத்து, வலி தெரியாது. ஆனாலும் என்னைக் கண்டதும் குழந்தைகள் வாசலிலேயே அலறும், பெரியவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். எனக்கு அங்கே பெயர் ஊசியக்கா. நன்றி எல்லாம் கிடையாது. சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு கிளம்புவதிலேயே எல்லோரும் குறியாக இருப்பார்கள்.

எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு நாய் வந்து சேர்ந்தது.

வாங்கியது நான். மகன் படிக்க விடுதிக்குப் போனபின் வீடு வெறிச்சென்று கிடந்ததால் வாங்கினேன். விற்றவன், “மேடம், இது வளந்து நின்னா உங்க இடுப்பு உசரத்துக்கு வரும், பாருங்க” என்று சத்தியம் செய்தான். அதை நம்பி மேஜர் என்று பெயர் வைத்தேன். வளரத்தான் செய்தது, நீளவாக்கில். கால்கள் மட்டும் வாங்கின அன்று இருந்த மாதிரியே நின்றுவிட்டன. “மேஜர் என்ன, எப்பவும் முட்டி போட்டுட்டே இருக்காரு?” என்பார் என் வீட்டுக்காரர். அண்ணனும் தம்பியும் சேர்ந்து டயர் கடை நடத்துகிறார்கள். காலையில் போனால் பொழுது சாயும்போதுதான் வருவார்கள். ஆகவே கேலி பேசுவது அவர் வேலை, வளர்ப்பது என் வேலை.

வளர்ப்பது என்றால் சும்மா இல்லை. வாரம் ஒரு குளியல். தண்ணீரைக் கண்டால் அதற்கு நாலு காலும் எட்டாகிவிடும். குளிப்பாட்டி முடிக்கும்போது அதைவிட நான்தான் அதிகம் நனைந்திருப்பேன். அப்புறம் உண்ணி பிடுங்குவது, நகம் வெட்டுவது, பூச்சி மாத்திரையை நாக்கின் அடியில் ஒளித்து வைத்துக்கொண்டு சோபாவுக்குப் பின்னால் போய்த் துப்பும்போது அதைப் பிடிப்பது. காது மடல் தொங்குகிற சாதி என்பதால் காதில் அடிக்கடி சீழ் வைக்கும். அதற்குச் சொட்டு மருந்து. இதற்கெல்லாம் நடுங்காத கை வேண்டும். வீட்டில் நடுங்காத கை என்னுடையதுதான்.

ஒரே ஒரு பிரச்சினை, அதற்குத் தனியாக இருக்க முடியாது. நான் வேலைக்குக் கதவைப் பூட்டியதும் ஆரம்பித்துவிடும். குரைப்பு, அப்புறம் ஊளை, அது அலுத்தால் சோபாவின் மூலையைப் பிய்ப்பது, கால்மிதியில் ஒன்றுக்குப் போவது. என் வீட்டுக்காரரின் செருப்பில் வலது காலை மட்டும் தின்றுவைக்கும். பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் நின்று முறைக்க ஆரம்பித்தார். ஒருநாள் ஓரகத்தியே இறங்கி வந்தாள்.

“அக்கா, தப்பா நினைக்காதீங்க. நான் போன்ல பேசறப்ப இது கத்துறது அந்தப் பக்கம் கேக்குதாம். ‘ஏம்மா, நீ ஆபீஸ்ல இருந்து பேசுறியா, நாய்ப் பண்ணைல இருந்து பேசுறியா’ன்னு ஒருத்தர் கேட்டுட்டாரு. பகல்ல மட்டும் நான் மேல கூட்டிட்டுப் போயிடட்டுமா?”

“தாராளமா கூட்டிட்டுப் போ” என்றேன். அப்போது எனக்குப் பெருந்தன்மை பொங்கி வழிந்துகொண்டிருந்தது.

அது வடிய அதிக காலம் ஆகவில்லை. நான் வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தால், மாடியிலிருந்து என் நாய் இறங்கி வரும் அழகைப் பார்க்க வேண்டுமே! பரீட்சையில் கோட்டைவிட்ட பையன் வீட்டுக்கு வருகிற மாதிரி ஒவ்வொரு படியாக இறங்கும். வந்து, தட்டில் இருப்பதைத் தின்றுவிட்டு, படிக்கட்டின் கீழே போய் மேலே பார்த்தபடி படுத்துக்கொள்ளும். அவள் துணி காயப்போட இறங்கினால் போதும், வாலோடு சேர்த்து இடுப்பே ஆடும். காது இரண்டும் பறக்கும். அந்தக் காதில் மருந்து விட்டவள் இங்கே பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிறேன், ஆட்டம் அங்கே!

எனக்கு வயிறு எரிந்தது. மரியாதைக்காக வேறு வார்த்தை தேட மாட்டேன், அது பொறாமைதான். அவள் என்ன செய்தாள் அதற்கு? ஒரு உண்ணி பிடுங்கியிருப்பாளா? பேசிக்கொண்டே தலையைத் தடவுவாள். பிஸ்கட் போடுவாள். ஏற்கெனவே தரையைத் தொடுகிற வயிறு, அவள் போட்ட பிஸ்கட்டில் தரையைத் துடைக்கவே ஆரம்பித்துவிட்டது. “நாய்க்கு பிஸ்கட் போடாதம்மா, தோலுக்கு ஆகாது” என்று சொல்லியிருந்தேன். “சரிக்கா” என்று தேன் மாதிரி சொன்னாள். யார் என்ன சொன்னாலும் அவள் வாய் சரி என்றுதான் சொல்லும், அதுதானே அவள் தொழில்.

ஒருநாள் பரிசோதனைக் கூடத்தில் மின்சாரம் போய், எங்களைச் சீக்கிரமே அனுப்பிவிட்டார்கள். நான் வந்தது மாடிக்குத் தெரியாது. படியில் கால் வைத்தபோது அவள் குரல் கேட்டது.

“பட்டு… எங்க என் பட்டு? வாங்க, வாங்க. என் பட்டுத் தங்கம் யாரு?”

தடதடவென்று ஓடும் சத்தம். என் மேஜரின் கால் நகம் தரையில் படுகிற சத்தம். போன வாரம் நான் வெட்டிவிட்ட நகம்.

நான் மாடிக்கு ஏறினேன். அது அவள் மடியில் மல்லாந்து கிடந்தது. நாலு காலும் மேலே. என்னிடம் ஒரு நாளும் அப்படிக் கிடந்ததில்லை.

“யாரு பட்டு?” என்றேன்.

அவள் முகத்தில் ஈயாடவில்லை. “இல்லக்கா… சும்மா செல்லமா…”

“அதுக்குப் பேரு இருக்கு. நான் வச்ச பேரு.”

“மேஜர்னு கூப்பிட்டா வரமாட்டேங்குதுக்கா. பயந்து கட்டிலுக்கு அடியில போயிடுது. அதான் ஒருநாள் விளையாட்டா வேற…”

“என் நாய் என் பேருக்குப் பயப்படுதா? நல்லாருக்கே கதை! இனிமே அந்தப் பேரு இந்த வீட்டுல எங்கயும் கேக்கக்கூடாது. நாய் மேல வரவும் வேணாம்.”

கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கினேன். அது படிக்குப் படி பின்னால் திரும்பிப் பார்த்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. தனக்கென்று ஒரு பெயர், ஒரு மடி, ஒரு சிரிப்பு எல்லாம் என் தலைக்கு மேலேயே வைத்துக்கொண்டு, கீழே வந்து என் சோற்றைத் தின்றிருக்கிறது!

மறுநாளிலிருந்து பழைய கச்சேரி ஆரம்பமானது. குரைப்பு, ஊளை, சோபா. பக்கத்து வீட்டுக்காரர் இப்போது முறைப்பதோடு நிற்காமல் பேசவும் செய்தார். மாடியில் அவள் ஜன்னலை எல்லாம் சாத்திக்கொண்டு, புழுக்கத்தில் மெஷின்காரர்களுக்குப் பதில் சொன்னாள். மேலதிகாரி எச்சரித்திருக்கிறார், இன்னொரு தடவை நாய்ச் சத்தம் கேட்டால் வீட்டிலிருந்து வேலை பார்க்க விடமாட்டாராம். இதை அவள் என்னிடம் சொல்லவில்லை, கொழுந்தனார் என் வீட்டுக்காரரிடம் சொன்னார்.

“ஒரு நாய்க்காகவா நீங்க ரெண்டு பேரும் மூஞ்சியத் தூக்கி வச்சிட்டுத் திரியிறீங்க?” என்றார் இவர்.

“உங்க தம்பி வந்து உங்களுக்குப் பதிலா எனக்குப் புருஷனா இருந்தா உங்களுக்கு எப்படி இருக்கும்?” என்று கேட்டேன். அவர் எழுந்து குளிக்கப் போய்விட்டார்.

அதற்குள் மேஜருக்குக் காது மறுபடி மோசமானது. தலையை உதறிக்கொண்டே இருந்தது. நாய் டாக்டரிடம் கொண்டு போனேன். மேசையில் ஏற்ற, “மேஜர், நில்லு” என்றேன். அது காதை ஒட்ட வைத்துக்கொண்டு, வாலைக் காலுக்கிடையில் சுருட்டி, என்னிடமிருந்து விலகி டாக்டர் பக்கம் ஒண்டியது. ஊசி போடுகிறவர் பக்கம்! என்னை விட்டு!

டாக்டர் காதைப் பார்த்துக்கொண்டே கேட்டார். “பேரச் சொல்லிக் கூப்பிட்டு என்னம்மா செய்வீங்க?”

“குளிப்பாட்டுவேன். நகம் வெட்டுவேன். உண்ணி எடுப்பேன், மருந்து விடுவேன். எல்லாம் நான்தான்” என்றேன் பெருமையாக.

“சாப்பாட்டுக்குக் கூப்பிடறப்ப?”

“கூப்பிடவே வேணாம் சார். தட்டுச் சத்தம் கேட்டா வந்துரும்.”

“வெளிய கூட்டிட்டுப் போக?”

“சங்கிலி எடுத்தாலே வாசல்ல நிக்கும்.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். “அப்ப நல்லதெல்லாம் சத்தத்துல வருது, கெட்டதெல்லாம் பேருல வருது. மேஜர்ங்கிறது அதுக்குப் பேரில்லம்மா. தண்ணி வருது, கத்தரி வருது, ஓடிருன்னு அர்த்தம். பேசாம வேற பேரு வச்சுக் கூப்பிட்டுப் பாருங்க.”

இவரையும் அவள் போனில் பேசி மயக்கிவிட்டாளோ என்றுதான் எனக்குத் தோன்றியது. மருந்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வேறு பெயராம்! வேறு பெயர்தான் ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே, மாடியில்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை சொட்டு மருந்தை எடுத்துக்கொண்டு, “மேஜர்” என்றேன். கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. “மேஜர்! வெளிய வா!” நான் குனிந்து பட்டையைப் பிடித்து இழுத்தேன். அது உறுமியது. என்னைப் பார்த்து! என் நாய்! அதிர்ச்சியில் பிடி தளர்ந்தது. அந்த நேரம் பார்த்து கேஸ் சிலிண்டர் போடுகிறவர் வாசற்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சிலிண்டரை உருட்டி வந்தார். மேஜர் அவர் காலுக்கிடையில் புகுந்து போய்விட்டது. அந்தக் குட்டைக் காலில் அவ்வளவு வேகம் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

தெருவில் ஓடினேன். மாடியிலிருந்து அவள் பார்த்திருக்க வேண்டும், வெறுங்காலோடு இறங்கி வந்தாள். “அக்கா, நீங்க அந்தப் பக்கம் போங்க, நான் இந்தப் பக்கம் பாக்குறேன்.” எங்கள் இருவருக்கும் பேச்சு நின்றிருந்தது நினைவில்லாமல் நானும் தலையாட்டினேன்.

“மேஜர்! மேஜர்!” என்று தெருத் தெருவாகக் கத்தினேன். இஸ்திரிக் கடைக்காரர், யாரோ ராணுவத்துக்காரரைத் தேடுகிறேன் என்று நினைத்து, “அவரு இந்தப் பக்கம் வரலியேம்மா” என்றார். விளக்கம் சொல்ல நேரமில்லை. தனியாக வெளியே போய்ப் பழகாத நாய். வண்டி வந்தால் ஒதுங்கக்கூட அதற்குத் தெரியாது. சங்கிலியில்லாமல் வாசல் தாண்டினதில்லை.

மெயின் ரோட்டுக்குப் போகிற சந்து ஒன்று உண்டு, இரண்டு பக்கமும் சுவர். அதில் திரும்பியபோது பார்த்தேன். சந்தின் அந்தக் கோடியில் அது நின்றுகொண்டிருந்தது. அதற்குப் பின்னால் ரோடு. பஸ்கள் அலறிக்கொண்டு போயின.

“மேஜர்!”

அது என்னைப் பார்த்தது. காது ஒட்டிக்கொண்டது. என்னையே பார்த்தபடி ஓரடி பின்னால் வைத்தது, ரோட்டை நோக்கி.

“மேஜர், வாடா! ஒண்ணும் பண்ண மாட்டேன்டா!”

இன்னும் ஓரடி பின்னால். ஒரு லாரி அதன் வாலுக்குப் பின்னால் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. நான் ஓடிப்போய்ப் பிடிக்கலாம் என்றால், நான் ஒரு எட்டு வைத்தாலே அது இரண்டு எட்டு பின்னால் போகும் போலிருந்தது. டாக்டர் சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் கூப்பிடவில்லை. நான் விரட்டிக்கொண்டிருந்தேன்.

எனக்குத் தெரிந்த இன்னொரு பெயர் ஒன்றே ஒன்றுதான். இவ்வளவு நாள் என் வயிற்றை எரித்த பெயர். நானே தடை போட்ட பெயர்.

“பட்டு” என்றேன்.

காது நிமிர்ந்தது. தலையை ஒரு பக்கம் சாய்த்தது. ஆனால் கால் அசையவில்லை. பெயர் சரி, குரல் சரியில்லை. நான் தரையில் உட்கார்ந்தேன், சாக்கடை ஓரம் என்றும் பார்க்காமல். என் ஓரகத்தி எப்படிச் சொல்வாளோ அப்படி, அந்தக் குழைவு, அந்த இழுப்பு, எனக்குக் கேட்டாலே எரிகிற அந்தத் தேன் எல்லாம் சேர்த்து, நடுச் சந்தில் கூவினேன்.

“பட்டூ… எங்க என் பட்டு? வாங்க, வாங்க. என் பட்டுத் தங்கம் யாரு?”

அது வந்தது. ஓடி வந்தது. காது இரண்டும் பறக்க, வயிறு தரையில் உரச, மாடியில் நான் பார்த்த அதே ஓட்டம். இந்த ஓட்டத்தை எனக்காக ஒரு தடவை பார்த்துவிட மாட்டோமா என்று ஏங்கியிருக்கிறேன். வந்து என் முன்னால் நின்றது. என்னைத் தாண்டி, என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தது. அவள் எங்கே என்று தேடியது.

அப்போது வந்த அழுகையை நான் அடக்கவில்லை. பட்டையைப் பிடிக்கவும் இல்லை. கையை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தேடிப் பார்த்து அலுத்து, வேறு வழியில்லாமல், அது தானாகவே என் மடியில் ஏறியது. தூக்கிக்கொண்டேன். என்ன கனம்! அத்தனையும் பிஸ்கட்.

எங்கள் தெருவுக்குத் திரும்பும்போது அடுத்த வளைவிலிருந்து அவள் குரல் கேட்டது. கத்திக் கத்திக் கம்மிப்போயிருந்தது. கம்மினாலும் இனிப்புக் குறையாத குரல்.

“மேஜர்… மேஜர் கண்ணா… எங்கடா இருக்க? வாடா, மேஜர்…”

என் கையில் இருந்தது நடுங்கத் தொடங்கியது. காதை ஒட்ட வைத்துக்கொண்டு, முகத்தை என் அக்குளுக்குள் திணித்தது. அவள் குரலுக்கு! அதன் உயிரான அந்தக் குரலுக்கே! நான் அப்படியே நின்றுவிட்டேன். எவ்வளவு நேரம் நடுங்குகிறது என்று பார்த்துக்கொண்டே நின்றேன், அவள் கூப்பிடக் கூப்பிட நடுங்கியது. என் வயிற்றில் எவ்வளவோ நாளைக்குப் பிறகு குளுகுளுவென்று இருந்தது. அது வெறுத்தது என்னை இல்லை.

அவள் வளைவில் வந்து எங்களைப் பார்த்தாள். வெறுங்காலில் ரத்தம் கசிந்தது. வேலைக்கு மாட்டுகிற ஹெட்போன் கழுத்திலேயே தொங்கியது. ஞாயிற்றுக்கிழமையும் வேலை பார்த்திருக்கிறாள். போனில் பேசிக்கொண்டிருந்தவரைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

“கிடைச்சிருச்சா! அய்யோ, கிடைச்சிருச்சா அக்கா!”

“ஏன்டி, அதுக்கு எந்தப் பேரச் சொன்னா வரும்னு உனக்குத்தான் தெரியுமே. எதுக்கு இதையே சொல்லிக் கத்திட்டுத் திரியிற?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். “நீங்கதானேக்கா அந்தப் பேரச் சொல்லக்கூடாதுன்னு சொன்னீங்க. உங்க காதுல விழுந்துட்டா…”

நாய் தொலைந்து, வேலை போகிற நிலையில், கால் கிழிந்து, அப்போதும் என் வார்த்தையைக் காப்பாற்றியிருக்கிறாள். நான் வைத்த பெயரைச் சொல்லி அவள் துரத்த, அவள் வைத்த பெயரைச் சொல்லி நான் பிடித்திருக்கிறேன். வீட்டுக்கு வந்து, அவள் காலைக் கழுவி மருந்து வைத்துக் கட்டினேன். அந்த வேலை எனக்கு நன்றாக வரும்.

கட்டி முடித்துவிட்டுச் சொன்னேன். “நாளையிலேர்ந்து பகல்ல மேலயே இருக்கட்டும்.”

“தேங்க்ஸ்க்கா!”

“முழுசாக் கேளு. இனிமே கீழயும் அது பட்டுதான். மேஜர்ங்கிற பேர உனக்கே குடுத்துட்டேன். குளிப்பாட்டுறது, நகம் வெட்டுறது, காதுக்கு மருந்து விடுறது எல்லாம் நீதான். அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிட்டுத்தான் செய்யணும். பட்டுங்கிற பேரக் கெடுத்துடாத.”

நான் எதற்குச் சொல்கிறேன் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். உதட்டோரம் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. “சரிக்கா” என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் கீழே காலை நீட்டி உட்கார்ந்து, ஆற அமர காபி குடித்துக்கொண்டிருந்தேன். மாடியில் வாளியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அப்புறம் அந்தத் தேன் குரல், “மேஜர்… வாடா மேஜர்…”

தடதடவென்று படிக்கட்டு அதிர்ந்தது. ஒவ்வொரு படியாக இறங்குகிற கதையெல்லாம் இல்லை; உருண்டே வந்தது. வந்து, எங்கும் நிற்காமல், யாரையும் தேடாமல், நேராக என் புடவைக்குப் பின்னால் புகுந்து முகத்தைப் புதைத்துக்கொண்டது. வால் மட்டும் வெளியே தெரிந்தது. அதையும் முந்தானையால் மூடினேன்.

“அக்கா!” என்று மேலிருந்து கேட்டாள். “அது அங்க வந்துச்சா?”

“இல்லியே, இங்க வரலியே” என்றேன்.